படம் பிடித்தல்

தமிழில் படத்தை 'எடுக்கிறோம்', 'பிடிக்க'வும் செய்கிறோம். பிடித்தல் வேட்டைக்கும் உரிய சொல். பழக்கத்தில் மழுங்கிவிட்ட இச்சொல், ஜார்ஜ் ஷைராஸ் என்ற அமெரிக்கரின் வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கையில் மீண்டும் கூர் கொள்கிறது.

ஷைராஸ் வக்கீல், 1903 முதல் 1905 வரை அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர், இவற்றுக்கெல்லாம் முன்பே வேட்டைக்காரர். சுப்பீரியர் ஏரியை ஒட்டிய காடுகளில், இரவில் படகின் முனையில் விளக்கேற்றி, வெளிச்சத்தில் உறைந்து நிற்கும் மானின் கண்களைக் குறிவைப்பது அவர் பயின்ற முறை. துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவை எடுத்தபோது முறையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அதே படகு, அதே விளக்கு, அதே மௌனம். கடைசிக் கணத்தில் மட்டும் குண்டுக்குப் பதில் மக்னீஸியப் பொடியின் வெடிப்பு. பின்னர் கம்பி கட்டி இரை வைத்தார். இரையை இழுத்த மிருகம் தன்னைத் தானே படம் பிடித்துக்கொண்டது. 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரபிக் இவற்றில் 74 படங்களை வெளியிட்டது. அவருக்கு இது பிழைப்பல்ல; பின்னால் வந்தவர்களுக்குப் பிழைப்பாயிற்று.

மான் சாகவில்லை. இதை அற்பமென்று ஒதுக்குவது நமக்குச் சுலபம், மானுக்கு அல்ல. ஆனால் கொல்லாமை மட்டுமே ஓர் உறவை நேர்மையாக்கிவிடுமா?

2009-ல் லண்டன் இயற்கை வரலாற்று மியூசியம் சேர்ந்து நடத்திய வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் ஹோஸே லூயிஸ் ரோட்ரிகஸ் என்ற ஸ்பானியர் முதற்பரிசு பெற்றார். இரவில் ஓர் ஓநாய் பட்டிக் கதவைத் தாண்டும் படம். 2010 ஜனவரியில் பரிசு ரத்தாயிற்று. அது பழக்கிய ஓநாயாக இருக்கவே பெரிதும் சாத்தியம் என்றனர் நடுவர்கள். அவர் மறுத்தார்.

படத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. அதே ஓநாய், அதே தாவல். எனில் நாம் இழந்தது எது? ஓநாய் தன் பசிக்காகத் தாண்டியது என்ற நம்பிக்கையை. நம்மைப் பொருட்படுத்தாத ஒரு வாழ்வைப் பார்த்துவிட்டதான சந்தோஷத்தை. நடுவர்கள் சந்தேகித்தது சரியென்றால் ஏமாற்றப்பட்டவர்கள் நாம்; ஓநாய் அல்ல. அன்றிரவு அது, வெடிப்பில் அரண்டோடிய மானைவிடக் குறைவாகவே துன்பப்பட்டிருக்கக்கூடும். ஆயினும் மானின் படம் உண்மை, ஓநாயின் படம் பொய். இத்தீர்ப்பு தவறல்ல; ஆனால் இது பார்ப்பவனுக்கான தர்மம் மட்டுமே.

பார்க்கப்படுவதற்கான தர்மம் வேறு. அதன் மீறல் படத்தில் பதிவதில்லை. ஆள் நெருங்கியதால் பறவை விட்டுப் பறந்த கூடும், அதில் குளிர்ந்துபோன முட்டையும் சட்டத்துக்கு வெளியே கிடப்பவை. எந்த நடுவரும் அவற்றைப் பார்க்க முடியாது. படம் கொண்டுவந்தால்தான் கூலி என்றாகிவிட்ட தொழிலில், நெருங்காமல் திரும்பி வந்தவனிடம் காட்ட ஏதுமில்லை. அவனுடைய நேர்மைக்கு அவனைத் தவிர சாட்சியும் இல்லை.

உயிருள்ள மனிதர்களைக் கதையில் 'பிடிக்கிற' நமக்கும் இது அந்நியமான பிரச்னை அல்ல. எழுத்து உண்மையாக வந்திருக்கிறதா என்று கேட்கிறோம். எழுதப்பட்டவனுக்கு என்ன ஆயிற்று என்று விமர்சனம் அநேகமாகக் கேட்பதில்லை.