பாத்திரப் பட்டியலில் நம் பெயர்



நாடக நூல் எதைப் புரட்டினாலும் முதற்காட்சிக்கு முன்னே ஒரு பட்டியல் நிற்கும். அரசன் இன்னான், அவன் தேவி இன்னாள், சேனாபதி, தோழி, காவலன் என்று பெயர்கள் வரிசையாக வரும். நம் தென்பாண்டிச் சீமைக்கு இது புதிதன்று. தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய நாடகங்களைக் கோயில் கொடைகளில் விடிய விடியக் கண்ட சீமை இது. ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், பபூன் யார் என்று நோட்டீஸில் பார்த்த பிறகே நம்மவர் பாய் விரிப்பர்.

காஞ்சித் தூப்புலில் அவதரித்த ஸ்வாமி வேதாந்த தேசிகன் (1268–1369) பத்து அங்கங்களில் ‘ஸங்கல்ப ஸூர்யோதயம்’ என்னும் வடமொழி நாடகம் அருளிச்செய்தார். அதில் வருவோருள் சிலரை வரிசைப்படுத்திக் காண்போம்.

விவேகன் – அரசன்
சுமதி – அவன் தேவி
வியவசாயன் – அவன் சேனாபதி
தர்க்கன் – அவன் தேர்ப்பாகன்
மஹாமோஹன் – பகையரசன்
துர்மதி – அவன் தேவி
காமன், குரோதன், லோபன், டம்பன், தர்ப்பன், அசூயை – பகைவன் பக்கத்தார்
விஷ்ணுபக்தி – துணை நிற்பவள்
புருஷன் – கட்டுண்டு கிடக்கும் சேதனன்

இவர்களுள் எவரேனும் நமக்கு அயலாரா? தரிசன வரிசையில் முன்னிற்பவரை நெருக்கித் தள்ளும்போது குரோதன் மேடையேறுகிறான். உபயதாரர் பெயர்ப் பலகையில் நம் பெயர் எத்தனையாவது என்று கண் தேடும்போது டம்பன் வேஷங்கட்டுகிறான். பக்கத்தில் நிற்பவருக்குக் கிடைத்த மாலையைக் கண்டு மனம் புழுங்கினால் அங்கே அசூயை வந்துவிட்டாள். இரு தேவியர் பெயரிலும் ‘மதி’ ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். நல்வழி திரும்பின் சுமதி. புறவழி திரும்பின் துர்மதி. மேடை நம் நெஞ்சு, கட்டுண்டவனும் நாமே.

தர்க்கனை ஸ்வாமி தேர்ப்பாகனாக வைத்தாரேயன்றி அரசனாக வைக்கவில்லை. வாதம் தேரை ஓட்டலாம்; நாட்டை ஆளலாகாது. இத்தலத்துப் புராணமும் இதனையே உரைக்கின்றது. சங்கன், பதுமன் என்னும் நாகராஜர் இருவர் சிவபெருமானே பெரியவர், திருமாலே பெரியவர் என்று வாதிட்டனர். அவர்கள் நாவில் பேசியவன் தர்க்கன். பின்னின்று தூண்டியவன் தர்ப்பன். வாதம் எத்தனை வளர்ந்தும் முடிவு வந்ததில்லை. கோமதியம்மை தளராத உறுதியோடு தவமிருந்தாள். அந்த உறுதிக்கன்றோ வியவசாயம் என்று பெயர்! அரியும் அரனும் ஒரு திருமேனியாய் அவளுக்குக் காட்சி தந்தனர். பெருமான் திருவுள்ளம் பற்றியபோது நாகரின் வழக்கும் தீர்ந்தது. ஆடித்தபசு ஆண்டுதோறும் நமக்கு நினைவூட்டுவது இக்காட்சியையே.

நாடகத்தின் ஆறாம் அங்கத்தில் விவேகன் தேரேறித் தலங்கள் பலவற்றை நோக்கிச் செல்கின்றான். தியானத்துக்குத் தக்க இடம் எது என்று ஆராய்ந்து, இதயமே அவ்விடம் என்று முடிவாகத் தெளிகின்றான். திருத்தலங்கள் குறைவுடையன என்பது இதன் பொருளன்று. தலத்தில் சேவித்த பெருமானை நெஞ்சில் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வீடு திரும்பாதவனுக்கு யாத்திரை பாதியிலேயே நிற்கின்றது என்பதே கருத்து.

முடிவில் விவேகன் போரில் வெல்கின்றான், மஹாமோஹன் மாள்கின்றான். ஆயினும் நாடகத்துக்கு ‘விவேக விஜயம்’ என்று பெயரிடவில்லை ஸ்வாமி. புருஷனின் கட்டை அறுப்பது எம்பெருமானின் ஸங்கல்பம்; அந்த ஸங்கல்பமாகிய சூரியன் உதிப்பதே நூலின் பெயர். எத்தனை விளக்கேற்றினாலும் இரவு விடிந்துவிடாது. கிழக்கு வெளுக்க வேண்டும். அதற்காக விளக்கை அணைத்துவிடுவதும் அறிவுடைமையன்று. காமக் குரோதங்களோடு போராடுவது நம் கடமை. கரையேற்றுவது அவன் கருணை.

ஆகவே அன்பர்களே! புற்றுமண்ணை நெற்றியிலிட்டு ஊர் திரும்பும் முன், அந்தப் பட்டியலை ஒருமுறை நெஞ்சுக்குள் வாசித்துப் பாருங்கள். இன்று நம்முள் அரசிருப்பவன் விவேகனா, மஹாமோஹனா என்று தெரிந்துவிடும். எவனாயினும் அஞ்ச வேண்டா. பட்டியலில் கடைசியில் நிற்கும் புருஷனுக்காகவே அந்நாடகம் முழுவதும் நடக்கின்றது. அவனைக் கைவிடாத எம்பெருமான் நம்மையும் கைவிடான்.

சர்வே ஜனா: சுகினோ பவந்து.