குளிர்மலையில் ஒரு செம்பருத்தி

ஓர் உயிரை அது பிறந்த சூழலிலிருந்து பெயர்த்து, ஒவ்வாத இடத்தில் வாழவைப்பது அன்பா, வெறும் ஆசையா? மனிதரை முன்னிறுத்தி இவ்வினாவைக் கேட்டால் விடை கூறத் தயங்குவோம். செடியை முன்னிறுத்திக் கேட்டாலோ பலர் நகைப்பர். ஆயினும் சிறியதில் தெளிந்த நீதி பெரியதிலும் வழிகாட்டும் அன்றோ?

நீலகிரியைப் பார்ப்போம். உதகமண்டலம் வெப்ப மண்டலத்தினுள் அமைந்த ஊர்தான். எனினும் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம் அதன் இயல்பை மாற்றிவிட்டது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்து வேலியோரங்களில் கேட்பாரின்றிப் பூத்துக் குலுங்கும் செம்பருத்தி, மேலே வந்தால் மார்கழியிலும் தையிலும் உயிருக்குப் போராடுகிறது. மேகமற்ற, காற்றசையாத இரவில் நிலம் தன் சூட்டை வானுக்கு இழக்கிறது. குளிர்ந்த காற்று பள்ளங்களில் இறங்கித் தேங்குகிறது. விடியுமுன் புல்வெளி வெளுத்துவிடும். இலையினுள் உள்ள நீர் உறைந்துவிடும். வெயில் ஏறியபின் பார்த்தால், இலைகள் வெந்நீர் பட்டவைபோல் கருகிக் கிடக்கும்.

1848ஆம் ஆண்டு மக்ஐவர் என்பவர் உருவாக்கத் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில், பனிக்காலம் வந்ததும் மென்மையான மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலாறு எனப்படும் செடிகளால் மூடுகின்றனர். குளிர் தாங்காதவற்றுக்குக் கண்ணாடி மாளிகை உண்டு. வீட்டுத் தோட்டத்தில் சாக்கே போர்வை. இப்போர்வைக்குச் சொந்தச் சூடு கிடையாது. பகலில் மண் பெற்ற சூடு இரவில் பறிபோகாமல் தடுப்பதொன்றே அதன் பணி. மாலையில் மூடியதைக் காலையில் திறக்கவும் வேண்டும். இல்லையேல் ஒளியின்றிச் செடி நலியும். ஓரிரவு மறந்தாலும் ஓராண்டு உழைப்பு வீண்.

"இத்துணைத் துன்பம் எதற்கு? அடிவாரத்தில் கல்லாறும் பர்லியாறும் இருக்கின்றனவே! மங்குஸ்தானும் சாதிக்காயும் அங்கே இயல்பாய் வளர்வதுபோல், அததற்குரிய இடத்தில் அததை வளர்த்தால் போதாதா?" என்று கேட்கலாம். வலுவான வாதமே. ஆனால் மனித உள்ளம் அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. சிரியாவிலிருந்து தப்பி, 756ஆம் ஆண்டு ஸ்பெயினின் குர்துபாவில் ஆட்சி அமைத்த முதலாம் அப்துர் ரஹ்மான், தம் ருஸாஃபா மாளிகையில் நின்ற பேரீச்சையைத் தம்மைப்போல் நாடு விட்டு வந்த ஒன்றாகவே கண்டு கவிதை பாடினார். அந்த ஏக்கத்தைக் குற்றமென்று யார் சொல்வார்?

ஆகவே கொண்டுவருவது தவறன்று. கொண்டுவந்தபின் மறப்பதே தவறு. இதற்கு மறுபக்கமும் உண்டு. வெப்ப அமெரிக்காவிலிருந்து அழகுக்காகத் தோட்டங்களில் நடப்பட்டது உண்ணிச்செடி. குளிர் குறைந்த முதுமலைக் காட்டில் அது இன்று பெரும்பரப்பைக் கவிந்து, மானுக்கும் காட்டெருமைக்கும் உரிய புல்லை அழிக்கிறது. நாம் மறந்தால் உதகையில் செம்பருத்தி சாகும். நாம் மறந்ததால் முதுமலையில் உண்ணிச்செடி பிறவற்றைச் சாகடிக்கிறது. நலிந்ததைக் காப்பதும், மிஞ்சுவதை அடக்குவதும் கொண்டுவந்தவரின் கடமையே.

இங்கே மனிதரையும் எண்ணிப் பார்க்கிறோம். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தமிழர் பலர், இம்மலையின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். இரு அரசுகள் ஒப்பமிட்டதோடு அவர்களுக்கான பொறுப்பு முடிந்துவிடுமா? தொலைவூருக்கு மணமுடித்து அழைத்துவரப்பட்ட பெண்ணுக்கு, வரவேற்பு விருந்தோடு நம் கடமை தீர்ந்துவிடுமா? அழைத்து வரப்பட்ட உயிர் அழைத்தவர் கையில் ஓர் அமானிதம். அதன் தகுதியை மலர்ந்த நாளில் அன்று, குளிர்ந்த இரவில்தான் நாம் மெய்ப்பிக்க வேண்டும்.

இரவில் எழ இயலாதவர்க்கும் வழி உண்டு. சோலைகளின் ஓரத்தில், எவர் போர்வையும் வேண்டாமல் உறைபனியைத் தாங்கிச் சிவக்கப் பூக்கிறது காட்டுப்பூவரசு. அதை நட்டு மகிழலாம். செம்பருத்திதான் வேண்டுமென்றால், கன்றை வாங்குமுன் சாக்கை எடுத்து வைத்துக்கொள்வோம்.