இரண்டாவது அம்பு

துன்பத்தைக் குறிக்க நாம் நாள்தோறும் வழங்கும் "வேதனை" என்னும் சொல், பாலி மொழியில் இன்பம், துன்பம், இரண்டுமல்லாதது ஆகிய மூவகை நுகர்ச்சியையும் சுட்டுவதாகும். மணிமேகலையில் சீத்தலைச் சாத்தனார் இதனை "நுகர்வு" என்றே வழங்கினார். நம் பேச்சிலோ அது துன்பம் ஒன்றிற்கே உரியதாகச் சுருங்கிவிட்டது.

சங்யுத்த நிகாயத்தில் ததாகதர் ஓர் உவமை கூறுகின்றார். ஒருவனை ஓர் அம்பு தைக்கின்றது. உடனே மற்றோர் அம்பும் தைக்கின்றது. அறம் பயிலாதவன் இரண்டையும் நுகர்கின்றான்: உடலில் நோவு, அதன்மேல் உள்ளத்தில் புலம்பல். பயின்ற அடியவனுக்கோ முதல் அம்பு மட்டுமே.

இவ்விரண்டாம் அம்பு எல்லார்க்கும் ஒரே வடிவினதன்று. பிறந்து வளர்ந்த குடியின் வழக்கமும் அதனைத் தீட்டுகின்றது. மார்க் ஸ்பொரோவ்ஸ்கி என்னும் ஆய்வாளர், நியூயார்க் நகரில் முன்னாள் படைவீரர்க்கான மருத்துவமனையில் நோயாளிகளை ஆராய்ந்து 1952ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இத்தாலிய மரபினரும் யூத மரபினரும் வாய்விட்டு அரற்றினர். கேட்போர்க்கு இரண்டும் ஒன்றே. ஆயின் முன்னவர்க்கு அப்போதைய நோவு தணிந்தால் போதும், மருந்துண்டபின் தெளிந்தனர். பின்னவரோ, "இந்நோவு எதன் அறிகுறி? நாளை என்னாகும்?" என்று கவன்றனர், மருந்து நோவை மறைக்குமேயன்றி நோயைத் தீர்க்காது என்று அதனை ஏற்கவும் தயங்கினர். நெடுங்காலமாய் அமெரிக்காவில் வாழ்ந்த குடியினர், அரற்றுவதால் பயனில்லை என்று அடக்கிக்கொண்டனர். (ஓர் இனத்தார் அனைவரையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டார் என்று பின்வந்தோர் அவரைக் குறை கூறியதும் முறையே.) ஆகவே அரற்றுபவனுக்கு நோவு மிகுதி, வாய் திறவாதவனுக்கு நோவில்லை என்று அளப்பது பேதைமை.

இதைக் கேட்ட சிலர், "நோவெல்லாம் மனத்தின் மயக்கமே" என்று பிணியாளனின் தலைமாட்டில் நின்று உபதேசிக்கத் தொடங்கிவிடுகின்றனர். இது கொடுமை. முதல் அம்பு மெய்யானது. கபிலவஸ்துவில் பகவானே தமக்கு முதுகு நோகின்றது என்று கூறி, ஆனந்தரை அறவுரை நிகழ்த்தப் பணித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். நோவை நோவாகவே நோக்கி, அதன்மேல் அச்சத்தை ஏற்றாதிருக்கும் பயிற்சி, நலமுள்ள நாளில் அவரவர் தமக்கெனச் செய்துகொள்ளவேண்டியது. பிறன் படுக்கையருகே ஓதுவதற்குரியதன்று.

விநய பிடகத்தில் வயிற்றுக்கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவின் வரலாறு உள்ளது. தான் பிறர்க்குப் பயன்படாதவனாதலால் எவரும் தன்னைப் பேணவில்லை என்றான் அவன். பகவான் ஆனந்தரைத் தண்ணீர் கொணரச் செய்தார். தாம் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். பின் இருவருமாய் அவனைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். அவனிடம் அம்புகளைப் பற்றிப் பேசியதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை.