முதல் வரி

செய்தியின் முதல் வரி வாசகனைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறார்கள். நிறுத்தட்டும். நிறுத்தி எதைக் காட்டுகிறது என்பதல்லவா கேள்வி?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரை விழாக் காலம். அன்று காலையில்தான் கடலூர்த் தேவனாம்பட்டினத்திலும், சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டிலும் கடல் ஊருக்குள் புகுந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

இதற்கு ஒரு கெட்டிக்காரப் பேனா என்ன முதல் வரி எழுதும்? ‘கூத்தன் ஊரின் வாசலில் கடலும் கூத்தாடியது!’

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த வரியின் ருசி தெரியும். அதனாலேயே இதைக் கண்டு அஞ்சுகிறேன். படிக்கிறவன் எழுதினவனை மெச்சுவான், செத்தவனை மறந்துவிடுவான்.

‘கரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வீடு திரும்பவில்லை’ என்று எழுதிப் பாருங்கள். உவமையில்லை, அலங்காரமில்லை. ஆனாலும் யார் பெற்ற பிள்ளைகளோ என்று மனம் பதறி அடுத்த வரிக்கு ஓடுகிறது. கவர்ச்சி என்றால் இதுவும் கவர்ச்சிதான்.

இந்த எளிமையையும் சரக்காக்கி விற்கலாமே என்பீர்கள். விற்கலாம், விற்கிறார்கள். எனவே எனக்குத் தெரிந்த உரைகல் ஒன்றுதான்: பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் எதிரே நின்று அந்த வரியை உரக்கப் படிக்க முடியுமா? நமக்குச் செய்தி மறுநாளே பழசு. அவளுக்கு என்றும் பழசாவதில்லை. படிக்க நாக் கூசுமானால், எத்தனை அழகான வரியானாலும் அடித்துவிட வேண்டியதுதான்.