ஒண்ணும் ஆகலையே

2013-இல், அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், எட்டே மாதத்துக்குள் நான்கு கைக்குழந்தைகள் ரத்தக்கசிவோடு மருத்துவமனைக்கு வந்தன. மூன்றுக்கு மூளையில் கசிவு, ஒன்றுக்குக் குடலில். பிறந்தவுடன் தொடையில் போடும் வைட்டமின் கே ஊசி நான்குக்குமே போடப்படவில்லை. பெற்றோர் வேண்டாம் என்றிருந்தார்கள்.

அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. 1992-இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வு, இந்த ஊசியால் ரத்தப் புற்றுநோய் வருமோ என்று சந்தேகம் கிளப்பியது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. ஆனால் பயம் அதோடு போய்விடுமா? ‘இப்பதான் பொறந்திருக்கு, அது உடம்புல எதுக்குக் கண்டதையும் ஏத்தணும்?’ எந்த ஊர் அம்மாவும் கேட்கக்கூடிய கேள்விதான்.

ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். நஞ்சுக்கொடி வழியாக அது கொஞ்சமே வருகிறது, தாய்ப்பாலிலும் குறைவு. (தாய்ப்பாலைச் சொன்னால் நம்மூரில் சண்டைக்கு வருவார்கள். நான் அளவை மட்டும்தான் சொல்கிறேன்.) ஊசி போடாத குழந்தைக்கு ஆறு மாதம் வரைகூட திடீரென்று கசிவு வரலாம். லட்சத்தில் நாலிலிருந்து ஏழு குழந்தைகளுக்கு வருகிறது என்பது கணக்கு.

சிக்கல் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஊசியை மறுத்த கிட்டத்தட்ட எல்லோருமே பிற்பாடு ‘ஒண்ணும் ஆகலையே’ என்று சொல்லிவிட முடியும். அதே முடிவை அதே அன்போடு எடுத்த ஏழு வீடுகளில் மட்டும் அது குற்றமாகிவிடுகிறது. நம் கையில் இல்லாத அதிர்ஷ்டம் எப்படி நம்மைப் பற்றிய தீர்ப்புக்குள் நுழைகிறது என்று 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் விவாதித்தது இதைத்தான். என்னைக் கேட்டால், ஏழு பேர் செய்தது தவறென்றால் லட்சம் பேர் செய்ததும் அதே அளவு தவறு. தப்பித்ததற்காக யாருக்கும் தள்ளுபடி கிடையாது.

அப்படியானால் யாரையும் குறை சொல்லாமல் விட்டுவிடலாமே என்பார்கள். என்னால் முடியவில்லை. என் உடம்பைப் பணயம் வைக்க எனக்கு உரிமை உண்டு. இங்கே பணயம் இன்னொருவர் உடம்பு, அதுவும் வாய் திறந்து கேட்கத் தெரியாத உடம்பு. ஊசி போடுவது ‘செயல்’, போடாமலிருப்பது ‘சும்மா இருப்பது’ என்று பேச்சிலேயே ஒரு சாய்வு இருக்கிறது. சும்மா இருத்தலைப் பெரிய நிலையாகச் சொன்ன மரபு நம்முடையது. தொட்டில் பக்கத்தில் அது செல்லாது.

நாஷ்வில் குழந்தைகள் நான்கும் பிழைத்துவிட்டன. ஒன்றுக்கு மட்டும் உடலசைவில் குறை தெரிந்தது. அந்தப் பெற்றோரிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. ‘ஒண்ணும் ஆகலையே’ என்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.