தேயும் உடலும் தீராக் கடமையும்

புதுக்கோட்டை மாவட்டம், சித்தன்னவாசல் மலையின் ஏழடிப்பட்டத்தில் நம் முனிவர்கள் நோற்ற 17 கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. அவற்றின் தலைப்பகுதி கல்லிலேயே தலையணையாக உயர்ந்திருக்கிறது. 'உடலை இவ்வாறு துறந்தோர் மரபில் வந்த நாம், மூட்டுவலிக்கு மருத்துவம் தேடுதல் தகுமா?' என்று அன்பர் சிலர் வினவுவதுண்டு. இதனைச் சற்று ஆராய்வோம்.

எலும்பு ஏறத்தாழ 30 வயதில் முழு உறுதி பெற்று, பின்னர் மெல்லத் தேய்கிறது. பெண்டிர்க்கு மாதவிடாய் நின்றபின் இத்தேய்வு விரைவுறும். வயதேறத் தசை மெலியும். மூட்டிலுள்ள குருத்தெலும்பு நலிய, வலியும் இறுக்கமும் தோன்றும். புத்கலமாகிய உடலின் இயல்பு இது.

ஆயினும் தீர்வன வேறு, தீராதன வேறு. 80 வயதைக் கடந்தோரும் முறையான பயிற்சியால் தசை வலிமையை ஓரளவு மீட்கலாம். படுக்கையிலேயே கிடப்பின் அது விரைவில் கரையும். ஆசாரியர் சமந்தபத்திரர், இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவற்றைச் சல்லேகனைக்குரிய நிலைகளாகக் கூறியபோது, அவை நீக்க இயலாதனவாய் இருத்தல் வேண்டும் என்றும் வரையறுத்தார். சாவை விரும்புதல் அந்நோன்பிற்கே குற்றம் என்கிறது தத்துவார்த்த சூத்திரம்.

2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் இந்நோன்பைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தடை விதித்தது. அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 'இது வாழ்வை வெறுத்துச் செய்வதன்று' என்றே அன்று நம் சமூகம் உரைத்தது. அவ்வுரை மெய்யாக வேண்டுமாயின், நம் இல்லத்து முதியோர் எவரும் தீர்க்கக்கூடிய வலியால் வாழ்வை வெறுக்கும்படி விடலாகாது.

'வயதாகிவிட்டது, வினைப்பயன், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று தாயிடம் கூறுகின்றோம். தன் நோயைத் தான் பொறுத்தல் தவம். பிறர் நோயைப் பொறுக்கச் சொல்லி வாளாவிருத்தல் தவமாகாது. நோயுற்ற துறவியர்க்குத் தொண்டு செய்யும் வையாவிருத்தியத்தை அகத்தவங்களுள் ஒன்றாக வைத்தனர் நம் ஆசாரியர். அதன் பயிற்சியை இல்லறத்தார் தம் இல்லத்திலேயே தொடங்கலாம். காலை வெயிலில் கைப்பிடித்து நடத்துதல், பொழுது சாயுமுன் கேழ்வரகும் பருப்பும் சேர்ந்த உணவளித்தல், காலத்தே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல், தரையில் அமர இயலாதார்க்கு வழிபாட்டில் நாற்காலி இடுதல் ஆகியவை எளிய செயல்களே.

கற்படுக்கையைத் தாமே தேர்ந்தனர் முனிவர். நம் முதியோர்க்கு அதனை நாம் விரித்தல் அறமன்று.