ரைஸும் ஜிஞ்சரும்

'ரைஸ்' என்ற ஆங்கிலச் சொல் நம் அரிசியிலிருந்து போனது என்று மேடைகளில் அடிக்கடி முழங்குகிறார்கள். கால்டுவெல்லே கிரேக்க 'ஒருசா'வை அரிசியோடு இணைத்தவர்தான். ஆனால் ஒலி ஒத்திருந்தால் மட்டும் உறவாகிவிடாது. சொல் நடந்துவந்த வழியும் தெரிய வேண்டும். ஆங்கிலத்திலிருந்து பழைய பிரெஞ்சு, இத்தாலியம், லத்தீன் வழியாகக் கிரேக்கம் வரை பின்னோக்கிப் போவதில் தடையே இல்லை. சிக்கல் அதற்கு அப்பால்தான். அரிசிக்குப் பாரசீகத்தில் 'பிரிஞ்ச்', பஷ்தோவில் 'வ்ரிஜே', நெல்லுக்கு வடமொழியில் 'வ்ரீஹி'. கிரேக்கச் சொல் இவற்றில் ஈரானிய மொழிகளின் வழியே வந்தது என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து.

முசிறிக்கு யவனர் கப்பல்கள் வந்தனவே என்று கேட்கலாம். வந்தன, ஆனால் அந்த வணிகம் பெருகியது கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில். அலெக்சாண்டரின் படையெடுப்புக்குச் சற்றுப் பின்னர், அதாவது அந்த வணிகப் பெருக்கத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே, கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் தம் தாவர நூலில் நெல்லைக் குறிப்பிட்டுவிட்டார். 'வ்ரீஹி'யே திராவிடக் கடனாக இருக்கலாமே என்பது வலுவான மறுப்பு. இருக்கலாம்தான், அப்போதும் அரிசி அதற்குத் தாயாகாது, உடன்பிறப்பாகவே நிற்கும். வழி தெளிவாகத் தெரிவது இஞ்சிக்குத்தான்: தென்னிந்திய 'இஞ்சிவேர்', பாலியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்', லத்தீன் கடந்து ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்'. மேடைக்கு இதுவே போதும்.